உளுந்தில் வேர்முடிச்சே இல்லை: உயிர் உரப் பொட்டலம் போலியா, மண்ணில் நைட்ரேட் அதிகமா?

மேட்டுக்காடு எழுதியது:
வணக்கம். பல்லடம் பக்கம், செம்மண் கலந்த சரளை நிலம், கிணற்றுப் பாசனம். மக்காச்சோளம் அறுத்த காட்டில் உளுந்து போட்டிருக்கிறேன். ரைசோபியம் (வேரில் முடிச்சு போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா) பொட்டலம் வாங்கி, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தித்தான் விதைத்தேன். யூரியா ஒரு பிடி கூடப் போடவில்லை. அடியுரமாகக் கோழி எரு மட்டும்.

செடி கரும்பச்சையாக, தளதளவென்று நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆகா" என்கிறார்கள். ஆனால் பூக்கும் சமயத்தில் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தால் வேரில் முடிச்சைக் காணோம். ஆணிவேர் வழவழவென்று இருக்கிறது. பக்க வேர்களின் கடைசியில் மட்டும் ஒன்றிரண்டு, கடுகை விடச் சிறியது, நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளை. இன்னொரு விசயம்: வடக்கு வரப்போரம் எரு இறைக்காமல், தண்ணீரும் சரியாக ஏறாமல் ஒரு துண்டு கிடந்தது. அங்கே செடி வெளிறிக் குட்டையாக இருக்கிறது. ஆனால் பிடுங்கினால் ஆணிவேரைச் சுற்றி நல்ல முடிச்சு, உள்ளே ரத்தச் சிவப்பு, வேலை செய்கிற முடிச்சின் நிறம்!

கடைக்காரர் போலிப் பொட்டலம் கொடுத்துவிட்டாரா? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செம்மண் சித்தன் எழுதியது:
பொட்டலம்தான் பிரச்சினை. சந்தேகமே வேண்டாம். பாதிக் கடைகளில் அதை வெயில் படுகிற அலமாரியில், பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது வெறும் கரித்தூள். காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா?

மேட்டுக்காடு எழுதியது:
பார்த்தேனுங்க. தேதி இருந்தது. அதே பொட்டலத்து விதைதானே வரப்போரமும் விழுந்தது? அங்கே மட்டும் எப்படி முடிச்சு வந்தது?

பஞ்சகவ்யப் பித்தன் எழுதியது:
இத்தனை வருசம் மக்காச்சோளத்துக்குக் கொட்டின யூரியா மண்ணிலிருந்த நல்ல பாக்டீரியாவையெல்லாம் கொன்றுவிட்டது, அவ்வளவுதான். ரசாயன நைட்ரேட் நுண்ணுயிருக்கு விசம். ஜீவாமிர்தம் விடுங்கள், அடுத்த போகத்திலேயே சரியாகிவிடும்.

வேரடி எழுதியது:
பயறு வகைகளின் வேரில்தான் என் வேலையே என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நைட்ரேட் (செடி வேரால் உறிஞ்சும் தழைச்சத்து வடிவம்) ரைசோபியத்தைக் கொல்வதில்லை. ஆய்வகத்தில் நைட்ரேட் உள்ள ஊடகத்திலும் அது நன்றாகவே வளரும். ரைசோபியத்தின் உறவான பிராடிரைசோபியம் வகைகள் சில, காற்று கிடைக்காத இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்தே சுவாசிக்கும். மேட்டுக்காடு அண்ணன் நிலத்திலும் பாக்டீரியா உயிரோடுதான் இருக்கும். கதவைச் சாத்தியிருப்பது செடி.

அந்தக் கதவு இருப்பது வேர்த்தூவியில். உளுந்து முளைத்து வேர் இறங்கும்போது, வேர்நுனிக்குக் கொஞ்சம் மேலே வெல்வெட்டுப் போல மெல்லிய தூவிகள் வரும். ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்தான். தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) பசித்த செடி வேர் வழியாகப் பிளேவனாய்டு என்ற பொருள்களைக் கசிய விடுகிறது. குதிரைமசாலில் லூட்டியோலின், சோயாவில் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் என்று செடிக்குச் செடி இது மாறும். அது பட்டதும் ரைசோபியம் 'நாட் காரணி' என்ற மூலக்கூறைச் சுரக்கும். இம்மி அளவு பட்டாலே போதும், தூவியின் நுனி வளைந்து, இடையன் கையிலிருக்கும் தொரட்டி போலச் சுருண்டு பாக்டீரியாவை உள்ளே மடக்கிக்கொள்ளும். அப்புறம் தூவிக்குள்ளேயே ஒரு நுண்குழல் உண்டாகி, அதன் வழியாகப் பாக்டீரியா வேரின் உட்பகுதிக்குப் போகும். அங்கே செல்கள் பிரிந்து முடிச்சு உருவாகும்.

இதில் காலக்கெடு ஒன்று இருக்கிறது. எல்லாத் தூவியும் வளையாது. இளசாக, வளர்ந்துகொண்டிருக்கும் தூவிதான் வளையும். வேர் நுனி கீழே நகர நகர, மேலே உள்ள தூவிகளின் வாய்ப்பு முடிந்துபோகும். சோயாவில் இது சில மணி நேர விவகாரம். விதையோடு ஒட்டிய பாக்டீரியா முதல் வாரத்தில் ஆணிவேரின் தூவிகளைப் பிடித்திருந்தால், முடிச்சுகள் ஆணிவேரின் மேல்பகுதியில் கொத்தாக இருக்கும். உங்கள் வரப்போரச் செடியில் அப்படித்தான் இருக்கிறது. நடுக்காட்டுச் செடியில் ஆணிவேர் மொட்டையாக, பக்கவேர் நுனியில் மட்டும் சின்ன முடிச்சு என்கிறீர்கள். முளைத்த சமயத்தில் தூவி வளையவில்லை, பிற்பாடு புதிதாக வந்த வேர்களில்தான் கொஞ்சம் வழி கிடைத்தது என்பது அதற்கு அர்த்தம். பொட்டலம் செத்திருந்தால் வரப்போரமும் இப்படிக் கொத்தாக வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நைட்ரேட் இந்த வளைவைத் தடுக்கும் என்பது பழைய செய்தி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் எச். ஜி. தார்ன்டன், குதிரைமசால் நாற்றுகளுக்குச் சோடியம் நைட்ரேட் கொடுத்து, தூவிகளை நுண்ணோக்கியில் பார்த்து 1936-லேயே எழுதியிருக்கிறார். நைட்ரேட் இருந்தால் தூவி சுருள்வது குறைகிறது, பாக்டீரியா நுழைந்த தூவிகளும் குறைகின்றன. பயறு முடிச்சில்தான் காற்றுத் தழைச்சத்து பிடிபடுகிறது என்று ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் காட்டி அப்போது ஐம்பது வருசம்தான் ஆகியிருந்தது.

செம்மண் சித்தன் எழுதியது:
தூவி வளையாததெல்லாம் சரி. செடி ஏன் வேண்டாம் என்கிறது? சும்மா வருகிற சத்துதானே?

வேரடி எழுதியது:
சும்மா வருவது நமக்கு. செடிக்கு அது பெரிய செலவு. காற்றிலிருந்து ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க நைட்ரஜனேஸ் நொதிக்குக் குறைந்தது 16 ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) தேவை. அத்தனைக்கும் சர்க்கரையை இலைதான் அனுப்ப வேண்டும். முடிச்சைக் கட்டுகிற செலவு, பாக்டீரியாவுக்குப் போடுகிற சாப்பாடு எல்லாம் தனி. மண்ணிலேயே நைட்ரேட் கிடக்கும்போது அதை உறிஞ்சிக்கொள்வது மலிவு.

கட்டுப்பாடே இல்லாத சோயாவையும் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் கரோல், கிரெஷாஃப் முதலானோர் 'பிராக்' என்ற ரகத்திலிருந்து எடுத்த திடீர்மாற்றச் செடிகள், 1985-இல் வெளியானது. நைட்ரேட் ஊற்றினாலும் வேர் முழுக்க முடிச்சு காய்த்துத் தொங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? வேர் வளர்ச்சி குன்றி, மகசூலில் தாய் ரகத்தை அவை தாண்டவில்லை.

கீழத்தஞ்சை எழுதியது:
தொடர்கிறேன். எங்கள் பக்கம் நெல் தரிசு உளுந்தில் இந்தப் புகாரே வருவதில்லையே, ஏன்? சம்பா, தாளடி அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் விதையை வீசிவிடுவோம். உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. மாசி மாதம் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு இருக்கும். நெல்லுக்கு நாங்களும் யூரியா போடுகிறவர்கள்தான்.

வேரடி எழுதியது:
நல்ல கேள்வி. தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே தழைச்சத்து அம்மோனியமாகவே கிடக்கும். நைட்ரேட்டாக மாறியது கொஞ்சநஞ்சம் இருந்தாலும் கீழே சேற்றுக்குள் போனதும் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நெல்லுக்கு நைட்ரேட் உரம் போடாதே என்று சொல்வதும் இதனால்தான். ஆக, அறுப்புச் சமயத்தில் உங்கள் வயலில் நைட்ரேட் கிட்டத்தட்டத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மண் காய்ந்து காற்றுப் புகப் புக அம்மோனியம் மெல்ல நைட்ரேட்டாகும். அதற்குள் உளுந்து ஆணிவேரில் முடிச்சைப் பிடித்திருக்கும்.

மேட்டுநிலத்தில் நடப்பது நேர் எதிர். சூடு, காற்றோட்டம், அளவான ஈரம். யூரியாவோ கோழி எருவோ எது விழுந்தாலும் முதலில் அம்மோனியம், அடுத்த சில வாரங்களில் நைட்ரேட்.

பஞ்சகவ்யப் பித்தன் எழுதியது:
கோழி எரு இயற்கை உரம். அதையும் யூரியாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வேரடி எழுதியது:
மண்ணுக்கு எரு செய்கிற மற்ற நன்மைகளை நான் மறுக்கவில்லை, நிறைய உண்டு. ஆனால் கோழி எச்சத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரிக் அமிலம். அது மாட்டுச் சாணத்தை விட வேகமாக உடைந்து அம்மோனியமாகி, நைட்ரேட்டாகிவிடும். வேர்த்தூவிக்கு முன்னால் வந்து நிற்கும்போது அந்த நைட்ரேட் மூட்டையிலிருந்து வந்ததா, கோழிப் பண்ணையிலிருந்து வந்ததா என்று செடிக்குத் தெரியாது.

மேட்டுக்காடு எழுதியது:
ஆனால் ஒன்று இடிக்கிறதுங்க. போன வருசம்தான் மண் பரிசோதனை செய்தேன். அட்டையில் "தழைச்சத்து: குறைவு" என்று போட்டிருக்கிறார்கள். எக்டருக்கு 200 கிலோவுக்கும் கீழே. குறைவு என்றால் நைட்ரேட் எங்கிருந்து வரும்?

குடுவை எழுதியது:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

அட்டையில் வரும் "கிடைக்கக்கூடிய தழைச்சத்து" நைட்ரேட் அளவு கிடையாது. மண்ணோடு காரப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்துக் காய்ச்சி வடித்து, வெளியே வருகிற அம்மோனியாவைத்தான் அளக்கிறோம். சுப்பையாவும் அசீஜாவும் 1956-இல் கொடுத்த முறை, இன்றுவரை நாட்டில் பரவலாக அதுதான். மண்ணின் அங்ககப் பொருளிலிருந்து எளிதில் விடுபடக்கூடிய தழைச்சத்தும் ஏற்கெனவே உள்ள அம்மோனியமும் இதில் பிடிபடும். நைட்ரேட் பிடிபடாது. நைட்ரேட்டை அம்மோனியாவாக்க வேறு பொருள் சேர்க்க வேண்டும், வழக்கமான பரிசோதனையில் அது இல்லை. எக்டருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் "குறைவு" என்று அட்டையில் விழும். நம் ஊர்ச் செம்மண்ணில் அங்ககக் கரிமம் குறைவு என்பதால் பெரும்பாலும் எல்லோருக்கும் "குறைவு"தான் வரும்.

அதனால் அட்டையில் குறைவு, வேர்மட்டத்தில் நைட்ரேட் அதிகம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அட்டையைத் திட்டாதீர்கள், அது கேட்கிற கேள்வி வேறு.

அப்புறம், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா? எரு இறைக்காத, தண்ணீரும் ஏறாத துண்டில் முடிச்சு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் எருவையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம்.

வலிகாமத்தான் எழுதியது:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். குடுவை சொல்வது எங்களுக்கு நன்கு தெரிந்த கதை. வலிகாமத்தில் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஆறு கிடையாது, குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான். வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை என்று தலைமுறை தலைமுறையாகப் பசளையும் எருவும் போட்டு இறைத்த காணிகள். போட்டதில் பயிர் எடுக்காதது வெடிப்புகளால் இறங்கி நேரே கிணற்றுக்குப் போகிறது. எங்கள் பகுதியில் பல கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்று சொல்லுவார்கள்.

வெங்காயக் காணியில் உழுந்தோ பயறோ போட்டால் இலை கறுத்துச் செழித்து நிற்கும், வேரில் ஒன்றும் இராது. அதே விதை வன்னியில் மானாவாரியாகப் போட்டால் வேரெல்லாம் முடிச்சு. நாங்கள் இதை மண்ணின் குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேட்டுக்காடு எழுதியது:
தண்ணீர் மாதிரி கொடுத்து வாங்கிவிட்டேன். நைட்ரேட் லிட்டருக்கு 120 மி.கி. என்று வந்திருக்கிறது. குடிநீருக்கு 45 தான் எல்லையாம். வீட்டில் இப்போது கேன் தண்ணீர். ஆனால் பயிருக்கு இது பெரிய அளவா, சின்ன அளவா என்று புரியவில்லை.

குடுவை எழுதியது:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குல உயரம் தண்ணீர் என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். நீங்கள் ஒரு தடவை பாத்தியில் பாய்ச்சுவது இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 120 மி.கி. வீதம் 24 கிலோ நைட்ரேட். அதில் நைட்ரஜன் மட்டும் பார்த்தால் 62-க்கு 14 பங்கு, அதாவது சுமார் 5.4 கிலோ.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து: 20.7 கிலோ. ஆக, நாலு தண்ணீர் பாய்ச்சினால் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்ட கணக்கு. இறவை உளுந்துக்குப் பரிந்துரையே எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்குப் பத்து. அதை இரண்டாவது தண்ணீரிலேயே தாண்டிவிட்டீர்கள். கோழி எருவும், மக்காச்சோளத்தில் மிஞ்சியதும் இதற்கு மேலே.

செம்மண் சித்தன் எழுதியது:
அடேங்கப்பா. கிணறே உரக்கடை.

வேரடி எழுதியது:
கணக்கு சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். ஆய்வகத்தில் முடிச்சைத் தெளிவாக நிறுத்திக் காட்ட 5 மில்லிமோலார் (லிட்டருக்குச் சுமார் 310 மி.கி.) அல்லது அதற்கு மேல் நைட்ரேட் கொடுப்பது வழக்கம். உங்கள் கிணற்றுத் தண்ணீர் 2 மில்லிமோலாருக்குச் சற்றுக் கீழே. அந்தத் தண்ணீர் மட்டும் என்றால் முடிச்சு குறையும், அடியோடு நிற்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெயிலில் மண் காயும்போது தண்ணீர் ஆவியாகிப் போய் நைட்ரேட் மட்டும் தங்கும், அடர்த்தி ஏறும். அதோடு எருவும் சேர்ந்தால் 5-ஐத் தாண்டுவது கடினமில்லை.

எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்பதையும் சொல்கிறேன். ஜப்பானில் நீகாத்தா பல்கலைக்கழகத்தில் கண்ணாடிப் புட்டியில் சோயா வளர்த்து, முடிச்சின் விட்டத்தை நாள்தோறும் அளந்தார்கள். 5 மில்லிமோலார் நைட்ரேட் கொடுத்ததும் ஓரிரு நாளில் முடிச்சு பெருப்பது நின்றது. எடுத்துவிட்டதும் மறுபடி பெருக்கத் தொடங்கியது. இலையிலிருந்து முடிச்சுக்குப் போகிற சர்க்கரை குறைந்துபோனதுதான் ஒரு காரணம் என்று கண்டார்கள். ஆக, வேர்த்தூவியோடு கதை முடியவில்லை. முடிச்சு உண்டான பிறகும் நைட்ரேட் வந்தால் வளர்ச்சி நிற்கும், நைட்ரஜனேஸ் வேலை தளரும், நீடித்தால் உள்ளேயுள்ள சிவப்பு லெக்ஹீமோகுளோபின் பச்சையாகிப் பழுப்பாகி முடிச்சு கிழடுதட்டும்.

மல்லாட்டை மணி எழுதியது:
திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவன். இந்த வேர்த்தூவிக் கதை எனக்கு ஒத்துவரவில்லை. மல்லாட்டை வேரில் அப்படி வெல்வெட்டு மாதிரி தூவி எதுவும் இல்லையே! நான் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் முடிச்சு எக்கச்சக்கம்.

வேரடி எழுதியது:
மணி அண்ணே, நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். நிலக்கடலையில் வேர் நெடுகிலும் தூவி வருவதில்லை. பக்கவேர் கிளைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கொத்துத் தூவி இருக்கும். பக்கவேர் ஆணிவேரைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறதே, அந்த விரிசல் வழியாகத்தான் பாக்டீரியா நுழைகிறது. சுருளலும் இல்லை, நுண்குழலும் இல்லை. அதனால் நிலக்கடலை முடிச்சுகள் பெரும்பாலும் பக்கவேரின் கக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்த தடவை பிடுங்கும்போது பாருங்கள்.

ஆனால் நைட்ரேட் நிலக்கடலையிலும் முடிச்சைக் குறைக்கிறது. தூவி சுருளாமல் போவது இந்த விவகாரத்தில் ஒரு கட்டம் மட்டுமே என்பதற்கு உங்கள் பயிரே சாட்சி.

உள்ளே நடப்பது இப்படி: வேர் நைட்ரேட்டை உணர்ந்ததும் என்.எல்.பி. என்ற புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் போய், முடிச்சு உண்டாக்கும் 'நின்' என்ற புரதத்தின் வேலைக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. இது வேரிலேயே நடக்கும் தடை. இன்னொன்று சுற்று வழி. நைட்ரேட் பட்ட வேர் சி.எல்.இ. என்ற சின்னப் பெப்டைடுகளைத் தயாரிக்கிறது. அவை மேலே ஏறி இலையிலுள்ள ஏற்பியில் ஒட்ட, "போதும்" என்ற செய்தி வேருக்குத் திரும்பி வருகிறது. கான்பெராவின் திடீர்மாற்றச் சோயாவில் பழுதாகியிருந்தது இந்த இலை ஏற்பிதான் என்று 2003-இல் தெரியவந்தது.

முடிச்சு கிழடாவதற்கும் தனி விசை இருக்கிறது. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகக் குழு 2024-இல் வெளியிட்டது. நைட்ரேட் வந்ததும் முடிச்சுக்குள் துத்தநாக அளவு குறைகிறது. துத்தநாகம் நிறைய இருக்கும்வரை இழையாகச் சுருண்டு செயலற்றுக் கிடந்த 'ஃபன்' என்ற புரதம், அது குறைந்ததும் பிரிந்து வேலையில் இறங்கி முடிச்சைக் கலைக்கிறது. அந்த மரபணுவை நீக்கிய செடிகள் நைட்ரேட் இருந்தும் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் துத்தநாக சல்பேட் மூட்டையோடு கிளம்ப வேண்டாம். இது செல்லுக்குள் நடக்கிற கணக்கு.

கீழத்தஞ்சை எழுதியது:
அப்படியானால் மணிலா அகத்தி? நாங்கள் பசுந்தாளுக்குப் போடுவோம். அதில் தண்டிலேயே முடிச்சு வரிசை வரிசையாக வருமே. அதற்கும் இந்த நைட்ரேட் தொல்லை உண்டா?

வேரடி எழுதியது:
உண்டு, ஆனால் மிகக் குறைவு. மணிலா அகத்தியின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. செனகலில் ஆராய்ந்து டிரெஃபூஸ், டோமெர்க் இருவரும் 1981-இல் எழுதினார்கள். தண்டில் வேர் அரும்பு முட்டிக்கொண்டு வரும் புள்ளிகளில் தோல் பிளந்திருக்கும். அசோரைசோபியம் அங்கே புகுந்து முடிச்சு போடும். மண்ணில் தழைச்சத்து இருந்தாலும் தண்டு முடிச்சு வேலையை நிறுத்துவதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. வேர் மண்ணிலுள்ளதை எடுக்கும், தண்டு காற்றிலுள்ளதைப் பிடிக்கும்.

பஞ்சகவ்யப் பித்தன் எழுதியது:
அப்போது உளுந்துக்குத் தழைச்சத்தே கூடாது என்கிறீர்களா? வேளாண் பல்கலைக்கழகமே 25 கிலோ போடச் சொல்கிறதே. பூக்கும்போது டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் வேறு.

குடுவை எழுதியது:
அந்த 25 கிலோ, முடிச்சு வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை நாற்று பட்டினி கிடக்காமல் இருக்க. விதைப்பருப்பில் உள்ள சத்து தீர்ந்து, முடிச்சு சிவப்பாவதற்கு இடையில் செடி வெளிறுகிற ஒரு பருவம் உண்டு, அதைத் தாண்ட. மானாவாரிக்கு அதிலும் பாதி, 12.5 கிலோதான். ஆனால் அது நைட்ரேட் இல்லாத மண்ணுக்கான பரிந்துரை. கிணறே சத்து தருகிற இடத்தில் அதையும் போட்டால் கூடுதல் சுமை.

டி.ஏ.பி. தெளிப்பைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு சதவீதக் கரைசல், ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 4 கிலோ டி.ஏ.பி. அதில் தழைச்சத்து முக்கால் கிலோ கூட இல்லை, அதுவும் இலையில் விழுகிறது. முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து அடியுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் முழுக்க நாசில் குத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள்.

நெறியாளர்:
பொட்டலத்தின் நிறுவனப் பெயர் கேட்டும் சொல்லியும் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சோதித்துப் பார்க்காமல் யார் பெயரும் இங்கே வேண்டாம்.

வேரடி எழுதியது:
சோதிப்பது எளிது. ஆற்றுமணலை நன்றாக அலசி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு இரண்டு தொட்டியில் நிரப்புங்கள். மீதமுள்ள பொட்டலத்தில் விதையைப் புரட்டி இரண்டிலும் போடுங்கள். ஒன்றுக்கு மழைத்தண்ணீர், இன்னொன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர். தழைச்சத்து இல்லாமல் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாசும் மட்டும் கொடுங்கள். மூன்றாவதாக ஒரு தொட்டி, பொட்டலம் சேர்க்காத விதை, மழைத்தண்ணீர். அதில் முடிச்சு வராமல் இருந்தால்தான் மற்ற இரண்டையும் நம்பலாம். நாலு வாரம் போதும்.

பிடுங்கும்போது ஒன்று கவனியுங்கள். காட்டுச் செடியில் நூற்புழு வீக்கத்தைப் பார்த்துவிட்டு முடிச்சு என்று சிலர் சந்தோசப்படுவார்கள். ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, உதிராது.

மேட்டுக்காடு எழுதியது:
தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். மழைத்தண்ணீர்த் தொட்டியில் ஆணிவேரைச் சுற்றி முடிச்சு, மிளகளவு, உள்ளே நல்ல சிவப்பு. பொட்டலம் போடாத தொட்டியில் ஒன்றுமில்லை, செடியும் மஞ்சள். கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் முடிச்சு இருக்கிறது, ஆனால் எண்ணிக்கையும் குறைவு, அளவும் சிறிது. பிளந்தால் சிலது வெளிர் ரோஸ், சிலது வெள்ளை. ஆனால் மூன்று தொட்டியிலும் இந்தச் செடிதான் அதிகப் பசுமை.

காட்டில் காய் எப்படி என்று கேட்பீர்கள். தழை அதிகம், கொடி ஓடியது, பூ தாமதம். வரப்போரத்துக் குட்டைச் செடியில் முதலில் காய் முற்றியது. மொத்த எடையில் அந்தத் துண்டு ஒன்றும் ஜெயிக்கவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

குடுவை எழுதியது:
ஜெயிக்காது, அங்கே தண்ணீரே ஏறவில்லையே. முடிச்சு இருந்தாலும் ஈரம் வேண்டும்.

இனி என்ன செய்யலாம் என்று என் கருத்து. அந்தக் கிணற்றுத் தண்ணீரை உரமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம், கம்பு நேப்பியர், கரும்பு எதுவானாலும் யூரியாவிலிருந்து கிணறு தருவதைக் கழித்துவிட்டுப் போடுங்கள். காசும் மிச்சம், கிணறும் மேலும் கெடாது. கோழி எருவும் அந்தப் பயிர்களுக்கே போகட்டும். சோளத் தட்டு மாட்டுக்குப் போடுகிறவராக இருந்தால் மட்டும் கவனம்: வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் நைட்ரேட் தண்டில் தேங்கும், மாட்டுக்கு ஆபத்து.

உளுந்தை மழைக்காலத்துக்கு மாற்றுங்கள். புரட்டாசியில் விதைத்தால் முளைக்கிற சமயம் மேல்மண்ணின் நைட்ரேட்டை மழை கீழே தள்ளியிருக்கும். தூவிகளுக்கு அந்த முதல் இரண்டு வாரம்தான் முக்கியம்.

வலிகாமத்தான் எழுதியது:
கீழே தள்ளினால் அது திரும்பக் கிணற்றுக்குத்தானே வரும்? எங்கள் சுண்ணாம்புக்கல்லில் அதுதான் சிக்கல். முன்னால் நிற்கும் பயிர் அதை எடுத்து முடித்திருக்க வேண்டும்.

குடுவை எழுதியது:
உண்மை. அதனால்தான் உளுந்துக்கு முன்னால் உரமே போடாமல் ஒரு தீவனச்சோளமோ கம்போ நின்று உறிஞ்சட்டும் என்பேன். வேர் ஆழமாகப் போகும். அறுத்துத் தட்டை வெளியே கொண்டுபோனால் நைட்ரேட்டும் அதோடு போகும். மடக்கி உழுதால் திரும்ப அங்கேயேதான்.

மேட்டுக்காடு எழுதியது:
சரிங்க. இந்தக் கோடைக்கு உரமில்லாமல் கம்பு, அறுத்துத் தட்டு மாட்டுக்கு, புரட்டாசியில் உளுந்து. எரு நேப்பியருக்கு. மீதிப் பொட்டலம் அதுவரை தாங்காது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். முடிச்சு வந்தால் படம் போடுகிறேன்.

வேரடி எழுதியது:
போடுங்கள். மண்ணோடு பெயர்த்து, ஊறவைத்து அலசி, ஆணிவேரின் மேல்பகுதி தெரிகிற மாதிரி எடுங்கள். நாலைந்து முடிச்சைப் பிளந்து, உடனே, வெயில் படாமல் பக்கத்திலேயே வைத்து எடுங்கள். கொஞ்ச நேரம் போனால் சிவப்பு பழுப்பாகிவிடும், அப்புறம் நான் ஒன்று சொல்ல, சித்தன் ஒன்று சொல்ல, இந்த இழை இன்னும் இரண்டு பக்கம் ஓடும்.